ஈரம் பதினொன்று, வரம்பு பத்து

மிளகு வாங்கும் நிறுவனம் ஒன்றுக்கு ஜாவா மொழியில் மென்பொருள் எழுதியவர்களில் நானும் ஒருவன். மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன். மலைக்காரன் என்பதால் ஈரம் பார்க்கும் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். "உனக்குத்தான் மிளகு தெரியுமே" என்றார் மேலாளர். தெரிந்து கிழித்தேன்.

நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்கிற சட்டகத்தில் நிரலின் எந்தப் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தேடி அலையாது. பெயரைச் சொல்லிக் கேட்டால் சட்டகமே கொண்டுவந்து கொடுக்கும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று மட்டும் ஓரிடத்தில் கட்டிவைக்க வேண்டும். ஈரத்துக்கு உச்ச வரம்பு பன்னிரண்டு சதவீதம். அதை வெளியே ஒரு கோப்பில் எழுதிவைத்துப் படிக்கச் செய்வதாகத்தான் பேச்சு. ஆனால் கையில் இருந்த காய்ந்த மிளகை வைத்தே மெஷின் நிராகரிக்கிறதா என்று சோதிக்க, வரம்பைப் பத்து என்று நிரலுக்குள்ளேயே மாறிலியாகக் கட்டினேன். அப்புறம் மறந்துபோனேன். ஒரே வரி, யார் கண்ணிலும் படவில்லை.

பேளுக்குறிச்சியில் கொள்முதல் தொடங்கிய வாரம் அப்பாவையும் மூட்டையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினேன். எட்டு நாள் பாறையில் காய்ந்த மிளகு. பனி இறங்கினால் வாரி உள்ளே வைப்பார், வெயில் வந்தால் விரிப்பார். கருவி பதினொன்று காட்டியது. ஏற்க முடியாது என்று திரையில் சிவப்பாக வந்தது. நான் மறந்த பத்துதான் என்று பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது.

முன்னால் நின்றவர்களுக்கும் அதே கதி. "ஏனுங்க, பல்லுல கடிச்சுப் பாருங்க, இதுலயா ஈரம்?" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அப்பாதான் அவரை அடக்கினார்.

"மெசினு பொய் சொல்லாதுங்க. எம்பட பையன் எழுதுனதுங்க. நம்ம மொளகுலதான் ஈரம் நிக்குது. காய வெச்சு மறுக்கா கொண்டாருவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் குனிந்து மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கோழை.

கோப்பில் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. நிரலுக்குள் இருந்ததால் முழுவதையும் மறுபடி உருவாக்கி அனுப்ப வேண்டும். மேலாளரிடம் மட்டும் சொன்னேன்; மென்பொருளின் அடுத்த வெளியீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சாவகாசமாகச் சொன்னார். அதற்குள் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. மறுபடி விரித்த மிளகெல்லாம் பூசணம் பிடித்தது. அப்பா அதைக் கூடையில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பத்து பிறகு பன்னிரண்டானது. ஏன் ஆனது என்று மலையில் யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் அப்பா மிளகைப் பதினைந்து நாள் காயவைத்தார்.

"போன தடவ நாந்தான் அவசரப்பட்டுட்டேன் கண்ணு" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.