சீலிங்கில் இறங்கிய மஞ்சள்

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. புது வீட்டுக்குச் சாவி எடுத்தவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். நுனியில் சிறு உருண்டை வைத்த நீளமான இரும்புக் கம்பியோடு போவேன். முட்டி போட்டு டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுவேன். அடியில் சிமெண்ட் நிரம்பியிருந்தால் கனத்த சத்தம் வரும். வெற்றிடமாக இருந்தால் சத்தமும் வெறுமையாக இருக்கும். அப்படிப்பட்ட டைல்ஸை இங்கே எல்லா இனத்தாரும் கொசோங், அதாவது காலி, என்றுதான் சொல்வார்கள். தெப்ராவ் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் தாமான் குடியிருப்புகளில் நான் தட்டாத தெரு குறைவு.

கதவு சட்டத்தில் உட்காராது. ஜன்னல் ஓரத்தில் சிலிக்கோன் பூச்சு பாதியில் நின்றிருக்கும். குளியலறைத் தரை தண்ணீரை வடிகால் பக்கம் அனுப்பாமல் வாசலுக்கு அனுப்பும். சுவரில் பெயிண்ட் பளபளக்கும், பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்காது. சுட்டிக் காட்டினால், வீடு கட்டி விற்ற மேம்பாட்டாளரின் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு "இதெல்லாம் நார்மல் லா" என்பான். நார்மல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் தட்டிப் பார்த்திருப்பேன், அதனால்தான் எதுவும் அமையவில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

என் வாய்க்கு அதிகம் பயந்தவள் என் அக்காதான். அவளும் மாமாவும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். இருட்டோடு எழுந்து பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருகிற பிழைப்பு. கலியாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். அவள் ஆசைப்பட்ட இரண்டு வீடுகளை என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டாள். ஒன்றில் பின்சுவர் நகர்ந்திருந்தது. இன்னொன்றில் கூரை மரத்தைக் கரையான் தின்றிருந்தது. இரண்டாவது வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவள் காரில் அழுதாள். நான் சொன்னது சரிதான், ஆனாலும் அவள் அழுதாள்.

மூன்றாவதாக, கெலாங் பாத்தாவில் ஒரு புது மாடி வீட்டுக்கு என்னிடம் சொல்லாமலே பணம் கட்டிவிட்டாள். சாவி எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். பால் காய்ச்சுவதற்கு முன்னால் யாரும் அந்த வீட்டைத் தட்டிக் குறை தேடக் கூடாது, அது வீட்டைச் சபிப்பது மாதிரி என்று சொல்லிவிட்டாள். எங்களவர்கள் பலர் செய்கிற தவறு இது. பால் காய்ச்ச நாள் பார்ப்பார்கள், சுவருக்குப் பூ வைப்பார்கள், குழாயைத் திறந்து பார்க்க மாட்டார்கள். விசேஷம் முடிந்து விருந்தாளிகள் போன பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அவளுடைய ஐந்து வயது மகள் அங்கே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் தலையில் வைத்தாள்.

"பால் பொங்குற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. எதப் பாத்தாலும் சரி. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். கம்பியைக் காரிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். குழந்தை நிமிர்ந்து பார்த்து, "சித்தி, ஒங்க கை கனமா இருக்கு" என்றாள். அக்கா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் காலை வீடு நிறைந்திருந்தது. ஆயர் ஈத்தாமிலிருந்து மாமாவின் பெரியம்மா முதல் நாளே ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார். போர்ச்சில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தூண்களில் வாழைமரம் கட்டியிருந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி பெண்களெல்லாம் சேர்ந்து மேல் மாடியிலிருந்து கீழ்வரை வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவியதாகப் பெரியம்மா பெருமையோடு சொன்னார். மாடிக் குளியலறைக்கு மட்டும் நாலு வாளியாம். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

கூடத்தின் பின்பாதியில் ஹோமம் நடந்தது. குருக்கள் நெய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே அக்காவும் மாமாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழந்தை, பட்டுப் பாவாடையில். நான் சுவரோரம் நின்றேன். வேலைப் பழக்கம், கண் தானாக மேலே போனது. அவர்கள் தலைக்கு மேல் இருந்தது பிளாஸ்டர் சீலிங். மாடிக் குளியலறைக் குழாய்களை மறைக்க அங்கே மட்டும் பலகை அடித்து, அழகுக்குச் சின்ன விளக்குகள் பதித்திருந்தார்கள். ஒரு விளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தது.

முதலில் அதை விளக்கின் வெளிச்சம் என்று நினைத்தேன். அப்புறம் அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

புது வீட்டுக் குளியலறையைச் சோதிக்க நாங்கள் ஒரு வேலை செய்வோம். வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் விட்டுக் கீழே வந்து சீலிங்கைப் பார்ப்போம். அந்தச் சோதனையைத் தெரியாமலேயே இவர்கள் நேற்று செய்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கோ தேங்கி நின்று, இரவெல்லாம் கசிந்து, அந்தப் பலகையின் முதுகில் சேர்ந்திருக்கிறது. பலகையின் நடுப்பாகம் ஈர மாவு மூட்டை மாதிரி தொங்கத் தொடங்கியிருந்தது. நனைந்த பிளாஸ்டர் பலகை விழுந்ததை நான் வேறொரு வீட்டில் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, அங்கே கீழே சோபா மட்டும்தான் இருந்தது. இங்கே அக்காவின் குழந்தை இருந்தாள்.

சொல்லவேண்டியதுதானே? இன்று கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தத் தலைமேல் கை வைத்த சூடு என் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. சத்தியத்தை மீறினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று, தினமும் சுவர்களைத் தட்டிப் பிழைக்கிற நானே பயந்தேன்.

பேசாமல் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன். படிக்கட்டுக்குக் கீழே இருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினேன். விளக்குகள் அணைந்தன. நாதஸ்வரம் பாதியில் நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாமா எழுந்து வந்தார். நான் சீலிங்கைக் காட்டினேன், கையை ஆட்டினேன், ஊமை மாதிரி. அவர் மேலே பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் லா" என்றார் தாழ்ந்த குரலில். "அவ எவ்ளோ நாளா காத்துக்கிட்டு இருந்தா தெரியுமா?"

மெயினை மறுபடியும் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். நாதஸ்வரம் முதலிலிருந்து தொடங்கியது.

இப்போது சொட்டு வேகமாக விழுந்தது. கலசத்துக்குப் பக்கத்தில் விழுந்த ஒரு சொட்டைப் பெரியம்மா பார்த்துவிட்டார். விரலால் தொட்டுப் பார்த்தார். மஞ்சள். அவர் முகம் மலர்ந்துபோனது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாலியிலும் தொட்டு வைத்துக்கொண்டார்.

"அம்மன் வந்துட்டாம்மா. மஞ்சளாவே எறங்கி வந்துட்டா."

ஆயர் ஈத்தாம் கூட்டம் மொத்தமும் முன்னால் நகர்ந்தது. ஒவ்வொருத்தரும் ஒரு சொட்டுக்காகக் கை நீட்டினார்கள். காலியாக வேண்டிய இடம் நெருக்கமாகிக்கொண்டே போனது. அக்கா மேலே பார்த்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. இந்த வீடு நல்ல வீடு என்று யாரோ மேலிருந்தே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம். குழந்தை இரண்டு கையையும் குவித்து, அந்த வளையத்துக்கு நேர் கீழே தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

விளக்கைச் சுற்றி ஒரு விரிசல் ஓடியது. மயிரிழைதான். நான் பார்த்தேன்.

"அக்கா, எழுந்திரு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போ."

அவள் திரும்பவில்லை. "சத்தியம்" என்று மட்டும் சொன்னாள்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தேன். யாருடைய காலையோ மிதித்தேன். குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவள் வீறிட்டாள். ஹோமத்தைத் தாண்டாதே என்று யாரோ கத்தினார்கள். தாண்டித்தான் போனேன். அழுகிற குழந்தையின் பின்னால் அம்மாதான் முதலில் ஓடி வருவாள் என்று எனக்குத் தெரியும். அக்கா வந்தாள். அவள் பின்னால் மாமா கோபத்தோடு வந்தார். அதற்குள் குருக்களும் அண்ணாந்து பார்த்துவிட்டார் போலும், கலசத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் போர்ச்சுக்குப் போகச் சொன்னார். அவர் சொன்னதும் கூட்டம் நகர்ந்தது.

போர்ச்சில் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. மெயினை இறக்கிவிட்டு மாடிக்கு ஓடினேன். குளியலறைக் கதவைத் திறந்தால், வாசற்படி விளிம்புவரை மஞ்சள் தண்ணீர் குளமாக நின்றது. கையை விட்டு வடிகால் வாயைத் துழாவினேன். கட்டுமான வேலையின்போது குப்பை விழாமல் இருக்கச் சிமெண்ட் பையைக் கிழித்து அதில் திணிப்பார்கள். அதை எடுக்க மறந்து அப்படியே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். பிடித்து இழுத்தேன். தண்ணீர் சுழன்று இறங்க ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் கீழே சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஈரச் சாக்கு மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு மாமா அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

எல்லோரும் வெளியேதானே இருந்தார்கள்? அவர் ஏன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்? படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

கூடத்தில் வெள்ளைத் தூசி. பலகை பாயின் மேல் குப்புற விழுந்து கிடந்தது. பாதியாக உடைந்த விளக்கு ஒயரில் தொங்கியது. ஹோமம் அணைந்து புகைந்தது. சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள், தலையெல்லாம் வெள்ளையாக, முழங்கையில் ரத்தக் கீறலோடு. கையில் காமாட்சி விளக்கு. காலையில் அவள் வலது காலை எடுத்து வைத்து நுழைந்தபோது ஏந்தி வந்து, ஹோமத்துக்குப் பக்கத்தில் வைத்த விளக்கு. அது அணைந்துவிடக் கூடாது என்று, குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு எடுக்கத் திரும்பியிருக்கிறாள். எடுத்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் இடைவெளி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

பால் காய்ச்சினோம். கேஸ் அடுப்பில் அக்காவே வைத்தாள். பொங்கி வழிந்தது. யாரும் பொங்கலோ பொங்கல் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் காதுபடவே பேசினார்கள். இவள் வாய் வைத்தாள், விழுந்தது என்றார்கள். பெரியம்மா என்னிடம் மோர் வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா எனக்குப் பரிமாறிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். பிறகு பல வாரங்கள் அவளிடமிருந்து போன் வரவில்லை.

மாமாதான் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். மேம்பாட்டாளரின் ஆட்கள் வந்து, நீங்கள் தண்ணீர் தேக்கியதால்தான் விழுந்தது என்று வாதாடினார்களாம். மாமா அவர்களை ஏணியில் ஏற்றி மேலே பார்க்கச் சொன்னாராம். கழிவுக் குழாய் தளத்தை ஊடுருவும் இடத்தில் சிமெண்ட் வைத்து அடைக்காமல் விட்டிருந்த இடுக்கு, மஞ்சள் பூசிய மாதிரி முழுதாகத் தெரிந்ததாம். தண்ணீர் வந்த வழி அதுதான் என்று மஞ்சளே காட்டிக்கொடுத்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் நார்மல் என்று சொல்லவில்லை. இடுக்கை அடைத்துச் சோதித்து, புதுப் பலகை போட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். கம்பியை எடுத்துக்கொண்டு வா என்றாள். போனேன். கூடத்தில் நாற்காலிகளெல்லாம் முன்பாதிக்கு வந்திருந்தன. புதுச் சீலிங்குக்குக் கீழே யாரும் எதையும் வைக்கவில்லை. குழந்தை அந்தப் பக்கமாக ஓடும்போதெல்லாம் அக்காவின் கண் மேலே போய்த் திரும்பியது. வேலைப் பழக்கத்தால் என் கண் அப்படிப் போகும். அவளுக்கு அது வந்திருக்க வேண்டாம்.

நான் முட்டி போட்டு முதல் டைல்ஸில் கம்பியை வைத்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"முதல் சொட்டு விழுந்தப்பவே நீ பாத்துட்டியா?"

பார்த்தேன் என்றேன்.

"நான் வாய மூடுன்னு சொன்னா நீ மூடிக்குவியா? சின்ன வயசுலேர்ந்து ஒரு நாளாவது என் பேச்சக் கேட்டிருக்கியா நீ? அன்னிக்கு மட்டும் ஏண்டி கேட்ட?"

குனிந்து தட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.