அக்கா இரை கொழுவிய கடல்

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலர் அவருடைய சமையலை அறிவீர்கள். அவர் கடலில் சால்மன் பிடித்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். தங்கையாகிய நான் அதையே எழுத விரும்புகிறேன்.

அக்கா திருகோணமலையில் பிறந்தார். எங்கள் ஐயா வள்ளம் வைத்திருந்தவர். ஆனால் பெண்பிள்ளைகளை அவர் ஒருநாளும் அதில் ஏற்றியதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, அக்கா கேட்பதையே விட்டுவிட்டார். பிறகு சண்டை எங்களைக் கரையிலிருந்தே விரட்டியது. முகாமில் சில காலம், கொழும்பில் சில காலம் இருந்து, அத்தானைக் கைப்பிடித்து மொன்றியல் வந்தார். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் மீன் வெட்டும் வேலை. விறைத்த கைகளோடு மெற்றோவும் பஸ்ஸும் மாறிப் பியர்பொன்ட்ஸ் புறநகரிலிருந்த வீட்டுக்குத் திரும்புவார். அந்த உழைப்பில்தான் மகளைப் படிக்க வைத்தார். என்னையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார்.

மகளுக்குக் கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் தீவில் வேலை கிடைத்தது. முதற்கோடை அங்கே போன அக்கா, ஒரு படகுக்காரப் பெண்மணியோடு சால்மன் பிடிக்கச் சென்றார். கரைக்கு வந்ததும் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“நான் வள்ளத்திலை ஏறிட்டன்,” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு கோடையும் போனார். அங்கே படகை நிறுத்தி வைத்துச் சால்மன் பிடிப்பதில்லை. ஆள் நடக்கும் வேகத்தில் ஓடவிட்டு, இரையைப் பின்னால் இழுத்துச் செல்வார்கள். எங்கள் சூடையைப் போன்ற சிறுமீன்தான் இரை. தலையைச் சரிவாக வெட்டி, குடலை எடுத்து, கல்லுப்பில் ஊறவைத்து இறுக்கி, இரண்டு தூண்டில் முள்ளில் கொழுவ வேண்டும். சரிவு சரியாக அமைந்தால் இரை அடிபட்ட மீனைப் போலத் தண்ணீரில் சுழலும். அதற்கு முன்னால் மின்னும் தகடு ஒன்று. ஆழத்துக்கு இறக்க, கம்பியில் தொங்கும் ஈயக்குண்டு.

பனிக்காலத்திலும் அக்கா இதை விடவில்லை. கடையில் வாங்கிய சிறுமீனைச் சரிவாக வெட்டி நூலில் கட்டி, குளிக்கிற தொட்டியில் இழுத்துப் பார்ப்பார்.

“குளிக்கப் போனா மீன் மணம். இதென்ன வீடோ, துறைமுகமோ?” என்பார் அத்தான்.

“கொஞ்சம் பொறுங்கோப்பா. இப்பதான் வடிவாச் சுத்துது.”

அத்தான் மட்டும் ஒருமுறையும் அவரோடு கடலுக்குப் போனதில்லை. இளமையில் அவர் ஏறிய அகதி வள்ளம் கவிழ்ந்து, தம்பியைக் கண்முன்னே இழந்தவர். அக்கா அவரை வற்புறுத்தியதில்லை.

பிறகு நோய் வந்தது. இனி வைத்தியம் பலன் தராது என்று மருத்துவர்கள் சொன்ன கோடையில், இன்னுமொருக்கால் கடலுக்குப் போக வேண்டும் என்றார் அக்கா.

“நானும் வாறன்,” என்றார் அத்தான்.

நானும் உடன் போனேன். படகில் அத்தான் ஒரு கையால் படகின் கைப்பிடிக் கம்பியையும் மறு கையால் அக்காவின் ஜாக்கெட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா இரையைத் தானே கொழுவினார். படகோரம் தண்ணீரில் விட்டு, “இஞ்சை பாருங்கோ, எப்பிடிச் சுத்துதெண்டு,” என்றார். அத்தான் மெல்லக் குனிந்து பார்த்தார்.

வெயில் ஏறியபின் மீன் கடித்து, ஈயக்குண்டுக் கம்பியிலிருந்து நூல் விடுபட, தூண்டில் தடியின் நுனி துள்ளி நிமிர்ந்தது. அக்காவால் இழுக்க இயலவில்லை. தடியை அத்தானிடம் கொடுத்துவிட்டு, “மீன் இழுத்து ஓடேக்கை நூலை விடுங்கோ. நிண்டாச் சுத்துங்கோ,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் பயத்தை மறந்து றீலைச் சுற்றினார். வெள்ளிபோல் மின்னிக்கொண்டு மீன் படகோரம் வந்தது. அதன் முதுகில், வாலுக்குக் கிட்டவிருந்த சின்னச் செட்டையைப் படகுக்காரப் பெண்மணி காட்டினார். குஞ்சாக வளர்த்து, அடையாளத்துக்கு அந்தச் செட்டையை வெட்டிக் கடலில் விட்ட மீனைத்தான் அங்கே கொண்டுபோகலாம். இது செட்டை வெட்டப்படாத, இயற்கையாய்ப் பிறந்த மீன், விட வேண்டும்.

“இவவுக்காக இந்த ஒண்டை மட்டும் தரச் சொல்லிக் கேள், பிள்ளை,” என்றார் அத்தான் என்னிடம்.

“விடுங்கோப்பா,” என்றார் அக்கா. “கண்டதே போதும்.”

அத்தான் குனிந்து, கடலுக்குள் கையை விட்டு, முள்ளைத் தானே கழற்றினார். மீன் போனபிறகும் கையை எடுக்கவில்லை. அக்கா மீன் போன பக்கம் திரும்பவேயில்லை. அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில், தம் வீட்டிலேயே அக்கா கண்மூடினார். கடைசி நாட்களில் அந்தப் பயணத்தைச் சொல்லும்படி கேட்பார். கடலைப்பற்றி வாய் திறக்காத அத்தான், தொடக்கத்திலிருந்து மறுபடி மறுபடி சொல்வார்.

வீடு தேடி வந்து பராமரித்த தாதியருக்கும், பனியிலும் சாப்பாடு கொண்டு வந்த அயலவருக்கும், அக்காவைத் தாங்கிப் படகில் ஏற்றிய அந்தப் பெண்மணிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது.

வரும் கோடையில் மேற்குக் கரைக்குப் போக அத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறார். தனியே ஏன் என்று கேட்டேன்.

“இஞ்சை இருந்தா அவ இல்லாதது மட்டும்தான் தெரியுது, பிள்ளை,” என்றார்.

நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.