ஓடு கழற்றிய ஐந்து சிப்பி

வினோதா திருடியிருந்தால் அந்த ஐந்து சிப்பியையும் ஒளித்துவைத்திருக்க மாட்டாளா? பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, பாறையில் உட்கார்ந்து கழுவிக்கொண்டா இருப்பாள்? "ஆஸ்திரேலியாவுல களவெடுத்து மாட்டிக்கிட்டா" என்று நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் சொல்கிறாளே பக்கத்து வீட்டு நாகலெட்சுமி, அவளுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே!

தங்கை பிரேமினியின் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாத விசாவில் போனவள் வினோதா. இருபத்திரண்டு வருசம் கொழுந்து பறித்த கை. மடுவத்தில் கொழுந்து நிறுக்குமுன் முற்றல் இலை, காம்பு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுவாள். கழிவோடு தராசுக்குப் போவதுதான் அவளுக்குத் தெரிந்த களவு.

அங்கே ஒரு ஞாயிறு, பிரேமினியின் புருஷன் ஜீவராஜ் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனான். அபலோன் என்று ஒரு சிப்பி. முதுகில் மட்டும் ஓடு; அடியில் தடித்த சதை பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும். அதை எடுக்க லைசென்ஸ் வேண்டும், அனுமதித்த நாளாக இருக்க வேண்டும், ஆளுக்கு ஐந்துதான், சிறியது கூடாது. ஜீவராஜ் ஒழுங்காக அளந்து ஐந்து எடுத்தான். அவளிடம் கொடுத்துவிட்டு வண்டி எடுக்கப் போனான். வருவதற்குள் அவள் கரண்டியால் நெம்பி ஓடுகளைக் கடலில் வீசி, சதையைப் பளிச்சென்று கழுவிவிட்டாள்.

ஜீவராஜ் தலையில் கைவைக்கவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது. ஓட்டை அளந்துதான் சிப்பி பெரிதா சிறிதா என்று பார்ப்பார்களாம். வீடு போய்ச் சேரும்வரை ஓட்டோடுதான் கொண்டுபோக வேண்டுமாம். லைசென்ஸ் அவனுடையது, வழக்கும் அவன்மேல்.

வினோதா ஊர் திரும்பிய பிறகு பிரேமினி போனில் அழுதாள்.

"அக்கா, கழட்டுனது நான்தான்னு ஹட்டன்ல சமாதான நீதவான் ஜேபிகிட்ட சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வச்சு அனுப்புக்கா. இல்லாட்டி இவருக்குத் தண்டன விழுந்து, எங்கள இங்க தங்க விடமாட்டாங்க."

"கழட்டுனது குத்தமாடி?"

"குத்தந்தான்க்கா."

"அழுக்கோட அப்படியே குடுத்திருந்தா?"

"ஒண்ணும் இல்ல."

வளராத அரும்பை அடுத்த முறைக்கு விட்டுப் பறிப்பதுபோல் சிறியதை வளர விடுவது வினோதாவுக்குப் புரிந்தது. சுத்தம் செய்தவள் எப்படிக் குற்றவாளி? இரண்டு நாள் கழித்து வீட்டில் சொன்னாள்.

"வைக்காத புள்ள. கையெழுத்து வச்சா நீயே களவ ஒத்துக்கிட்டதாயிரும்" என்றான் புருஷன் அழகுமுத்து. "அப்புறம் இந்த லயத்துல தல நிமிர்ந்து நடப்பியா?"

"களவெடுத்தேன்னு எழுத மாட்டேன். சுத்தம் பண்ணுனேன்னு எழுதச் சொல்லுவேன்."

"அத அவங்க ஏத்துக்குவாங்களா?"

"தெரியலங்க."

"ஊர் சிரிச்சா?"

"சிரிக்கட்டும். ஜீவராஜ் கழட்டல, நாந்தான கழட்டுனேன்? அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல், அடையாள அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹட்டனுக்குப் போக வாசல் தாண்டினாள்.