மூன்றாம் பாகத்தை முதலில் பார்த்தவர்

மின்சார அலுவலகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மோப்பம். வீடு வீடாகப் போய், மீட்டரில் தில்லுமுல்லு நடந்திருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக, மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்ப்பார். மின்சாரம் திருடுகிறவன், இவர் வந்த காரணத்தைச் சொல்வதற்குள் நாற்காலியைத் துடைத்துப் போடுவானாம். அந்தப் புத்தியை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டியதுதானே? மனிதருக்கு அது மட்டும் வராது. சாப்பாடு கொஞ்சம் ருசியாக இருந்தால்கூட, “இன்னைக்கு என்ன விசேஷம்?” என்று மனைவியைக் குடைவார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் மகள். அவளுக்குப் பத்து வயதானபோது பறக்கும் வீரன் படத்தின் முதல் பாகத்துக்குக் கூட்டிப்போனார். தியேட்டர் படியிலேயே அவள் ஒப்பந்தம் போட்டாள்: இனி வரும் பாகங்களையும் இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும், ஒருவரை விட்டு ஒருவர் போகக் கூடாது. இரண்டாம் பாகம் வர ஐந்து வருடம், மூன்றாவது வர இன்னும் ஆறு வருடம் ஆனது. அதற்குள் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, புதன்கிழமை பயணம் என்று முடிவாகிவிட்டது. அதற்குமுன் அப்பாவும் மகளும் சேர்ந்து வெளியே போக மிச்சமிருந்தது இந்தப் படம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை படம் வெளியானது. அன்றைக்கென்று பார்த்துப் புயல் அடித்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்த வேலையில் இரண்டு நாள் அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஞாயிறு பகல் காட்சிக்குத்தான் போக முடிந்தது.

படமா அது? இரண்டு பாகமாக ஊரையே தோளில் தூக்கிச் சுமந்தவன், இதில் பாதி நேரம் கடற்கரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். எதிரி யாரென்று பார்த்தால், கூடப்பிறந்த இரட்டையாம். முதல் பாகத்தில் அவன் அம்மாவுக்கு ஒரே பிள்ளை என்று சொன்னது படம் எடுத்தவர்களுக்கே மறந்துவிட்டது. மோப்பத்துக்கு வயிறு எரிந்தது. தியேட்டர்காரன் நடுவில் எதையாவது வெட்டிவிட்டானோ என்று மகளிடம் கேட்கத் திரும்பினார்.

மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

திரையில் சத்தமே இல்லை. வீரன் பாலத்தின் மேல் தனியாக நடந்துகொண்டிருந்தான். இரண்டு நொடி கழித்துத்தான் பாலம் வெடித்தது.

அதற்கப்புறம் அவர் படத்தைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். ஒரு பாட்டு தொடங்குவதற்கு முன்பே, “பாத்ரூம் போயிட்டு வரேன்ப்பா” என்று எழுந்து போனாள். சண்டை ஆரம்பிக்கும்போது கச்சிதமாகத் திரும்பி வந்தாள். சந்தேகமே இல்லை, ஏற்கெனவே பார்த்துவிட்டாள். யாரோடு? அவர் மனதில் ஒரு பையன் உருவானான். அவனுக்குத் தாடி முளைத்தது, மோட்டார் சைக்கிள் கிடைத்தது. படம் முடிவதற்குள் அவர் அவனை இரண்டு தடவை அறைந்தும் விட்டார்.

வெளியே டீக்கடையில் நிறுத்தினார். “படம் எப்படி?”

“சுமார்தான்ப்பா.”

“இரட்டைப் பிறவின்னு தெரிஞ்சப்போ தூக்கிவாரிப் போட்டிருக்குமே?”

“ஆமாப்பா, செம ஷாக்.”

“அப்போ நீ கொட்டாவி விட்டுட்டு இருந்தே. யார்கூடப் பார்த்தே? மறைக்காம சொல்லு.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார், ஆனால் அவள் கண் கலங்கியது.

“அம்மாகூட.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மாப்பா! வெள்ளிக்கிழமை நீங்க வர முடியாதுன்னு போன் பண்ணீங்கல்ல. டிக்கெட் வீணாப் போகுதேன்னு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டேன். உடனே புடவை மாத்திட்டு வந்து நின்னாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. இது உங்க ரெண்டு பேரு படம், அப்பாகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

மோப்பம் கணக்குப் போட்டார். பதினோரு வருடம். உனக்கு இதெல்லாம் பிடிக்காது என்று மனைவியிடம் அவர்தான் சொன்னார். பிடிக்காது என்று அவள் சொன்னதாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “படம் எப்படிங்க?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவசரமாக நாற்காலி மேல் கிடந்த துணிகளை எடுத்து, உட்கார இடம் பண்ணினாள். வேறு வீடாக இருந்தால் அந்த இடத்திலேயே கையும் களவுமாகப் பிடித்திருப்பார்.

“உனக்கு எந்த இடம் பிடிச்சுது?” என்றார்.

அவள் மகளை முறைத்தாள். அப்புறம் மெல்ல அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“கடற்கரையில உக்காந்து அழுவானே, அது. என்னமா அழுதான் பாவம். எனக்குப் படம் முழுக்கப் பிடிச்சிருந்துச்சு. ஏங்க, படத்துல ஏமாத்திட்டாங்கன்னு எல்லாரும் திட்டுறாங்களாமே?”

“முதல் ரெண்டு பாகத்தையும் பார்த்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்.”

“ஓ,” என்றாள். மடியிலிருந்த துணியை நீவிவிட்டுக்கொண்டே கேட்டாள்: “அந்த ரெண்டுலயும் என்னதாங்க நடந்துச்சு?”