ரீமர் வீட்டுக் கேத்தரினா

மைக்ரோபிலிம் இயந்திரத்தின் கைப்பிடியைக் கால் சுற்று பின்னால் திருப்பினாள். கடந்துபோன வரி மறுபடி திரைக்கு வந்தது. மணமகன் யாகோப் ரீமர், வயது இருபத்தைந்து. மணமகள் கேத்தரினா ரீமர், வயது இருபத்திரண்டு. 1847.

வசந்தாமணி கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எழுத்து மாறவில்லை. அவளுக்கு ஜெர்மன் தெரியாது. பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் எப்படி இருக்கும் என்று ஓர் அட்டையில் வரைந்து வைத்திருந்தாள். திரையில் தெரிவதை அட்டையோடு பொருத்திப் பார்ப்பாள். மணமகளின் குடும்பப் பெயரைப் பொருத்தினாள். அதே ரீமர்தான்.

யாகோப்பின் தகப்பன் நிக்கோலஸ். பீட்டர் என்பவர் நிக்கோலஸின் தம்பி. பீட்டருக்குக் கேத்தரினா என்று ஒரு மகள் இருந்தாள். ஞானஸ்நானப் பதிவிலிருந்து இதையெல்லாம் சென்ற மாதமே எழுதிவிட்டாள். அந்தக் கேத்தரினா யாகோப்புக்குத் தங்கை முறை. ஆகவே இந்த மணமகள் அவளாக இருக்க முடியாது. எழுதியவர் மணமகனின் குடும்பப் பெயரையே மணமகளுக்கும் போட்டுவிட்டார். இந்த ஊரில்கூடக் கல்யாணமானதும் அப்படித்தானே போடுகிறார்கள்.

அதற்குக் கீழே மூன்று வரிகள் நெருக்கமாக இருந்தன. மை பரவியிருந்தது. அவற்றைப் பொருத்திப் பார்க்கவில்லை. 'கேத்தரினா, பெற்றோர் தெரியவில்லை' என்று தாளில் எழுதிவிட்டுச் சுருளைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மகள் வெண்பாவின் பள்ளிப் பேருந்து வரும் நேரம்.

இது 1998 ஜூன். பக்கத்துச் சர்ச் ஒன்றின் அடித்தளத்தில் மைக்ரோபிலிம் பார்க்கும் இயந்திரங்கள் நான்கு இருந்தன. உலகத்துச் சர்ச்சுகளின் பதிவேடுகளை எல்லாம் படம் எடுத்து யூட்டாவில் வைத்திருக்கிறார்கள். படிவம் நிரப்பிக் கொடுத்தால் சுருள் வரும். மூன்று வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பவேண்டும். வசந்தாமணி அங்கே ஒரு வருடமாகப் போய்வந்தாள்.

காங்கேயம் பக்கம் பிறந்தவள். ஈரோட்டில் பி.எஸ்ஸி. கணிதம். அத்தை மகன் சேனாபதியைக் கட்டிக்கொண்டு, 1995-ல் மகளோடு அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்தாள். சேனாபதி ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் வேலை செய்தான். வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்த பழைய புரோகிராம்களை நான்கு இலக்கத்துக்கு மாற்றும் வேலை. அவளுடைய விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. அபார்ட்மென்ட்டில் இரண்டு வருடம் சுவரைப் பார்த்தாள். பிறகு நூலகத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். 'என் குடும்பத்தின் வேரைத் தேட உதவி வேண்டும். கண் சரியில்லை. ஊதியம் இல்லை. காய்கறி உண்டு.'

ஒட்டியவர் வால்ட்டர் ரீமர். எழுபத்தெட்டு வயது. நான்கு மைல் தள்ளி நூற்றுப்பத்து ஏக்கர். உருளைக்கிழங்கு, சோளம், கொஞ்சம் சோயா. பிள்ளைகள் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். அவள் நாக்கு வளையவில்லை. சார் என்றாள். முதல் நாள் அவள் வயலில் இறங்கி ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்து, "களி மண் கலந்திருக்குது, தண்ணி நிக்கும்" என்று சொன்னதில் அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வயலின் நடுவே ஏழு கல்லறைக் கற்கள் இருந்தன. பீட்டர் ரீமர், மனைவி, சிறு வயதில் இறந்த ஐந்து பிள்ளைகள். ரைன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1848-ல் கப்பலேறி வந்து, இந்த நிலத்தை முதலில் உழுதவர்கள். வால்ட்டர் நிலத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றிருந்தார். கற்களைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுத விட்டுப்போயிற்று. அவற்றை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தாராம். கம்பெனியின் வரைபடத்தில் அந்த இடத்தில் சாலை வந்தது. கற்களையும் எலும்புகளையும் சர்ச் கல்லறைக்கு மாற்ற, உள்ளூர் நிர்வாகமான டவுன்ஷிப்பில் அனுமதி கேட்டிருந்தார்கள். புதைக்கப்பட்டவர்களின் நேர் வாரிசு ஆட்சேபித்தால் மட்டும் யோசிப்போம் என்று கமிட்டி சொன்னது. அந்த வட்டாரத்தில் ரீமர்கள் ஏராளம். பெயர் போதாது, வம்சாவளி சார்ட் வேண்டும். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை விசாரணை.

கல்யாணப் பதிவைப் பார்த்த அன்று சாயங்காலம், சேனாபதி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏனுங்க, பெரியப்பன் மவனக் கல்யாணம் பண்ணிக்குவாங்களா?"

"எங்க?"

"ஜெர்மனில."

"எப்ப?"

"1847-ல."

"அப்ப நாம போய் நிறுத்த முடியாது புள்ள. சோத்தப் போடு."

"வெளையாட்டுப் பேச்சு பேசாதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பேர் எழுதியிருக்குது. தப்பாத்தான எழுதியிருப்பாங்க?"

"தப்பாத்தான் இருக்கும். காலைல இருந்து நானும் அதயேதான் பாக்கறேன். எவனோ முப்பது வருஷத்துக்கு முன்னால தப்பா எழுதுனத நான் உக்காந்து திருத்தீட்டு இருக்கறேன்."

வெண்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தே ஆர் ஆல் டெட், அம்மா" என்றாள்.

கம்ப்யூட்டரில் எல்லாப் பெயர்களையும் ஏற்றினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பீட்டரின் மகள் கேத்தரினாவுக்குக் கணவன் பெயர் கேட்டது. காலியாக விட மனம் வரவில்லை. 'மணமாகவில்லை' என்று அடித்தாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு மதியம், வால்ட்டரின் சமையலறையில் சார்ட்டை மேசை மேல் விரித்திருந்தார்கள். வால்ட்டர் பூதக்கண்ணாடியை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், யாகோப். பக்கத்துக் கட்டத்தில் கண்ணாடி நின்றது.

"கேத்தரினாவோட அப்பா எங்கே?"

"தெரியலை சார்."

"பீட்டர்."

"பீட்டர் மகள் வேற கேத்தரினா. அவளுக்குக் கல்யாணம் ஆகலை."

"ஆகலைன்னா நான் எப்படி வந்தேன்?"

அவள் சார்ட்டைப் பார்த்தாள்.

"யாகோப்பும் அவளும் கசின்ஸ்" என்றார். "வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகியும் பெயர் மாறாததால், துணியில் தைத்த பெயரெழுத்தைப் பிரிக்கவேண்டிய வேலைகூட அவளுக்கு இல்லை என்று என் அத்தை சொல்லிச் சிரிப்பாள்."

"எந்தக் கசின்?"

"கசினில் எந்தக் கசின்?"

"நிக்கோலஸோட மகன், பீட்டரோட மகள். அண்ணன் தம்பி பிள்ளைங்க. அது கசின் இல்லை சார். கூடப் பிறந்த மாதிரி. யாகோப் அவளுக்கு அண்ணன்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம். ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், கட்டமாட்டார்கள். நான் காடைக் கூட்டம். காடை ஒரு பறவை. காடை எல்லாரும் எனக்கு அண்ணன் தம்பி."

"மொத்தம் எத்தனை காடை?"

"ஆயிரக்கணக்கில் இருப்பாங்க."

"அத்தனை பேரும் உனக்கு அண்ணன் தம்பி."

"ஆமாம்."

"கிறிஸ்துமஸ் உங்களுக்குக் கஷ்டம்தான்" என்றார் வால்ட்டர். "சரி, உன் கணவன் என்ன பறவை?"

"ஆந்தை."

"நல்லது. சொந்தமில்லை."

"சொந்தம்தான். என் அப்பாவோட தங்கச்சி மகன்."

வால்ட்டர் காபிக் கோப்பையை எடுக்கப் போனவர் எடுக்கவில்லை.

"அப்பாவுடைய சொந்தத் தங்கை?"

"ஆமாம்."

"அவள் மகனை நீ..."

"ஆமாம் சார். அது சரியான முறை. அதற்குத்தான் முதல் உரிமை."

 அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் சார்ட்டைப் பார்த்தாள். ஒரு வருடமாக இந்தக் குடும்பத்தைத் தன் குடும்பம் போல நினைத்திருந்தாள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தார்கள், எரு போட்டார்கள், வரப்புக்குச் சண்டை போட்டார்கள். இப்போது இவர் அண்ணனுக்கும் தங்கைக்கும் வழிவந்தவர். அப்படிப்பட்டவர் எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். அவரும் தன்னைப் பற்றி அதையேதான் நினைக்கிறார் என்பது அவருடைய காது சிவந்திருந்ததில் தெரிந்தது. யார் யாரைப் பார்த்து முகம் சுளிப்பது என்று விளங்கவில்லை.

"மாற்றி அடித்துவிடுகிறேன்" என்றாள்.

"வெள்ளிக்கிழமையே டவுன்ஷிப்புக்கு அனுப்பிவிட்டேன்."

"பார்க்காமலா?"

"இந்தக் கண்ணோடா? நீ செய்தது சரியாக இருக்கும் என்று நினைத்தேன்."

"பதிவில் அப்பா பெயர் இருக்கும். கீழே மூணு வரி இருந்தது. நான் படிக்கலை."

"போய்ப் படி."

"சுருள் ஜூலையிலேயே திரும்பிப் போயிடுச்சு சார்."

வால்ட்டர் கண்ணாடியை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். "கல்யாணமாகாத கேத்தரினா" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது, ஒரே பெயர் இரண்டு முறை வந்த மற்ற இடங்கள் நினைவுக்கு வந்தன. 1780-ல் ஒன்று. 1803-ல் ஒன்று. அங்கேயும் எழுத்துப் பிழை என்றுதான் திருத்தியிருந்தாள். இன்னும் எத்தனை பேரைப் பிரித்து வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

செவ்வாய் சாயங்காலம் சேனாபதி சீக்கிரம் வந்து அவளைக் கூட்டிப்போனான். வெண்பாவைப் பக்கத்து ஃப்ளாட் ஷ்யாமளா ஆன்ட்டியிடம் விட்டார்கள். போகும் வழியில் சேனாபதி மெதுவாகச் சொன்னான்.

"ஒன்னு சொல்லோணும். அங்க வீடு கட்டற டெவலப்மென்ட்ல வெயிட்டிங் லிஸ்ட்ல நம்ம பேரும் குடுத்திருக்கறேன். கிரீன் கார்டு வந்தா வாங்கலாம்னு."

"எப்பக் குடுத்தீங்க?"

"மே மாசம். உன்ற பெருசோட நெலம்னு எனக்குத் தெரியாது புள்ள. ப்ரோஷர்ல நெலத்துக்காரம் பேரா போட்டிருப்பான்?"

 எதற்குக் கோபப்படுவது என்று அவள் யோசித்து முடிவதற்குள் டவுன்ஷிப் கட்டடம் வந்துவிட்டது.

உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். வால்ட்டர் கோட் போட்டிருந்தார். கம்பெனியின் வக்கீல் இளம் பெண். மரியாதையாகப் பேசினாள். திரு. ரீமரின் வருத்தம் புரிகிறது என்றாள். ஆனால் அவரே அனுப்பிய சார்ட்டின்படி அவர் யாகோப்பின் வழி. யாகோப் அந்த வயலில் இல்லை. வயலில் இருக்கும் பீட்டருக்கு அவர் நேர் வாரிசு இல்லை. பீட்டரின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவள் ஒரே மகள், அவளும் மணமாகாதவள். அப்படித்தான் இதில் அச்சாகியிருக்கிறது.

"தப்பு அது" என்றார் வால்ட்டர். "அவள் என் கொள்ளுப்பாட்டி."

"ஆதாரம் இருக்கிறதா?" என்று தலைவர் கேட்டார்.

வால்ட்டர் திரும்பி வசந்தாமணியைப் பார்த்தார். அவள் எழுந்தாள்.

"நான்தான் அடித்தேன். மணமாகவில்லை என்று எந்தப் பதிவிலும் இல்லை. நானாகப் போட்டது."

"ஏன் போட்டீர்கள்?"

"அவர்கள் அண்ணன் தங்கை."

 வால்ட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லை. இங்கே இல்லை. எங்கள் ஊரில் அண்ணன் தங்கை. இங்கே கசின். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டது உண்மை. என்னால் அதை நம்ப முடியவில்லை. அதனால் அடுத்த வரியைப் படிக்கவில்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். சேனாபதி தரையைப் பார்த்தான். தலைவர் சிரிக்கவில்லை. அந்த வரியை எப்போது காட்ட முடியும் என்று கேட்டார்.

"சுருள் வந்ததும்."

கமிட்டி தங்களுக்குள் பேசியது. முப்பது நாள் கொடுத்தது. அதற்குள் பதிவு வராவிட்டால் கற்களை மாற்றுவதற்கு அனுமதி. அடுத்த விஷயம் ஒரு பெட்ரோல் பங்கின் விளம்பரப் பலகை.

மறுநாள் புதன்கிழமை. எட்டு பத்துக்கு வெண்பாவைப் பேருந்தில் ஏற்றினாள். ஒன்பதரைக்குச் சர்ச்சுக்குப் போனாள். பூட்டியிருந்தது. பத்து மணிக்குத் திறந்தார்கள். படிவம் நிரப்பினாள். அங்கிருந்த அம்மாள் எண்ணைச் சரிபார்த்து, ஆறு வாரம் ஆகும் என்றாள். சீக்கிரம் வருமா என்று கேட்டதற்கு, சில சமயம் ஐந்து வாரத்தில் வரும் என்றாள். அதற்குக் கீழே வந்ததில்லை.

வால்ட்டரின் வீட்டுக்குப் போனாள். அவர் வயலில் கற்களைச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஆறு வாரம் என்று சொன்னாள். சரி என்றார். வெட்டிய புல்லை வாரி ஓரத்தில் போட்டாள். ஒரு பை சோளம் கொடுத்தார்.

மூன்றரைக்கு வெண்பா வந்தாள். சோளத்தை வேகவைத்துக் கொடுத்தாள். சேனாபதியின் ரயில் இருபது நிமிடம் தாமதம் என்று போன் வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து, பீட்டரின் மகள் கேத்தரினாவுக்குப் போய், கணவன் என்ற இடத்தில் யாகோப் ரீமர் என்று அடித்தாள். சேமிக்கவா என்று கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தாள். பிறகு சேமித்தாள். அரிசி களைந்து குக்கரில் வைத்தாள்.