ஓடாத வண்டிக்கு எட்டு காலாண்டு

நாட்டில் ஒரு வருடத்தில் எவ்வளவு தானியமும் காய்கனியும் விற்பனைக்கு வருகின்றன, அவற்றை லாரிகள் எவ்வளவு தூரம் சுமக்கின்றன என்று அளந்து சொல்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. லோதி ரோடு பக்கம் ஓர் அரசுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், புறா எச்சம் படிந்த ஜன்னல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தோம். எங்களில் பாதிப் பேர் வெங்காய மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, நான் உட்பட. ஆனால் வெங்காயச் சந்தை எவ்வளவு பெரியது என்று கேட்டால் டன் கணக்கில் சொல்லிவிடுவோம். மேலே இருப்பவர்கள் தலையாட்டி வாங்கிக்கொள்வார்கள்.

மண்டிகள் அனுப்பும் விவரம் ஒரு பக்கம், லாரிக்காரர்கள் அனுப்பும் விவரம் இன்னொரு பக்கம். மண்டிக்கு வந்த சரக்கை யாரோ ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும், ஆகவே இரண்டும் ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும். போகவே போகாது. நிறைய வண்டி வைத்திருக்கும் கம்பெனிகள் அழகாக டைப் அடித்து அனுப்பிவிடும். ஒற்றை வண்டியை வாங்கி அதைத் தானே ஓட்டுகிற மனிதர்கள்தான் எங்கள் படிவத்தைத் திருப்பியும் பார்க்க மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் இந்தியாவில் ஒரு தக்காளிகூட நகராது என்பது எங்களுக்கும் தெரியும்.

என் தம்பி அப்படி ஒற்றை வண்டிக்காரன். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு ஜவ்வரிசி ஏற்றி வருவான், ஆசாத்பூர் மண்டியில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு இறங்குவான். தொண்ணூறுகளின் நடுவில் அவன் பெயரை எங்கள் பட்டியலில் நான்தான் சேர்த்தேன். சொந்தத் தம்பியைச் சேர்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சூப்பரின்டெண்டென்ட் பஞ்சாபிக்காரர். பதில் போடுகிற ஒருத்தன் கிடைத்தானே என்று எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பதில் போடாத பல நூறு பேருக்குப் பதிலாக அவன் ஒருவன் எண்ணப்பட்டான். அவன் ஒரு நடை ஓடினால் எங்கள் அட்டவணையில் ஊரே ஓடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம், அவன் வாயில் அது 'பாரம்'. அவன் அதைத் தபாலில் போடமாட்டான். வண்டியை டிரான்ஸ்போர்ட் நகரில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவான். குளித்து, நெற்றியில் பட்டை போட்டு, மலை மந்திருக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்துதான் பேனாவைக் கையில் எடுப்பான். அரசாங்கக் காகிதம் என்றால் அவனுக்கு அப்படி ஒரு பயபக்தி. ஒரு தடவை கிலோமீட்டரைத் தோராயமாகப் போடேன் என்று நான் சொன்னதற்கு, கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் தோராயமா என்று என்னையே முறைத்தான். காலி வண்டியாக ஓடிய தூரம், பழுதாகி நின்ற நாள், நின்றதற்குக் காரணம் எல்லாம் டைரியைப் பார்த்துத்தான் எழுதுவான். டெல்லியிலேயே பிறந்த என் மகள் அவனிடம் இந்தியில் வாயடிப்பாள். அவன் தாபாக்களில் பொறுக்கிய இந்தியில் பதில் சொல்வான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பிறகு அவன் வருவது நின்றது. போன் பண்ணினான். வடக்கே லோடு சரியாக இல்லை, பம்பாய்ப் பக்கம் ஓட்டுகிறேன் என்றான். நான் நம்பினேன். அந்தக் காலாண்டுப் படிவமும் வரவில்லை.

படிவம் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களிடம் முறை இருந்தது. முதலில் நினைவூட்டல் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் ஆள் அனுப்பி நேரில் விசாரிக்க வேண்டும். அதுவும் நடக்காதபோதுதான், போன தடவை எழுதிய எண்ணை எடுத்து, மற்ற வண்டிகளின் ஓட்டம் எவ்வளவு கூடியதோ அந்த அளவுக்குக் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கடிதம் போடாமல் எண்ணை நிரப்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கிறானா செத்தானா என்று கேட்காமல் அவனை எப்படி ஓட்டுவீர்கள் என்று ஒருமுறை பிரிவே கேட்கும்படி கத்தியிருக்கிறேன்.

என் தம்பிக்கு நான் கடிதம் போடவில்லை. அவனுக்கு எதற்கு நினைவூட்டல்? அதுதான் வாரம் ஒருமுறை பேசுகிறேனே. போன படிவத்தில் அவன் எழுதிய எண்ணை எடுத்தேன், கொஞ்சம் கூட்டினேன், கட்டத்தில் எழுதினேன். அடுத்த காலாண்டும் அப்படியே. புதுப் படிவம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன், வீண் தபால்தானே என்று. எட்டு காலாண்டு. போனில் எப்படிப் போகிறது என்று கேட்டால் "ஓடுதுங்க்கா" என்பான். ஒரே ஒரு தடவை மட்டும், மகளைப் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டான்.

"ஏனுங்க்கா, அந்த பாரம் இப்பெல்லாம் வர்றதில்லீங்களா?"

"அத நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ அதப் பத்திக் கவலப்படாத."

சரிங்க்கா என்று வைத்துவிட்டான். அவனுக்கு ஒரு தொந்தரவைக் குறைத்துவிட்டதாக அன்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய ஊர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். அவரும் லாரி ஓட்டுகிறவர். என் தம்பி எப்போதோ கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு, டெல்லியில் ஒரு நல்ல கண் டாக்டரைக் கேட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். காபி கொடுத்தேன். தம்பியைப் பம்பாய் ரோட்டில் பார்ப்பதுண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வண்டிய வித்து ரண்டு வருசம் ஆச்சுங்களே. கிட்னி ரண்டும் போயி, வாரத்துக்கு ரண்டு தடவ மிசின்ல ரத்தம் சுத்தம் பண்றாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் கிளம்பியதும் மார்க்கெட் முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். வீட்டிலேயே போன் இருந்தது, ஆனால் மகள் முன்னால் அழ முடியாது. அவனே எடுத்தான். ஏன்டா சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் நான் அடுத்த ரயிலைப் பிடித்து வந்து என் கிட்னியை எடுத்துக்கொள் என்று நிற்பேனாம், என் மகள் இன்னும் சின்னக் குழந்தையாம், அவன் மனைவிக்குச் சர்க்கரை இருப்பதால் அவளால் கொடுக்க முடியாதாம், இதற்குமேல் யாரையும் இழுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டானாம். பிறகு சொன்னான்.

"மொத பாரம் வந்தப்ப ஆஸ்பத்திரில கெடந்தனுங்க. அப்பறமும் வந்திருந்தா எழுதியிருப்பனுங்க்கா. ஏன் நிக்குதுன்னு கேட்டிருக்குமில்ல. கவர்மெண்ட் காயிதத்துல பொய் எழுத முடியுங்களா?"

அந்தப் பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

மறுநாளே ஓர் ஆஸ்பத்திரியில் கிட்னிப் பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, கூடவே வந்தார். ரத்த வகை ஒன்றுதான். மற்றப் பொருத்தங்களுக்கு அவன் ரத்தமும் ஊரிலிருந்து வர வேண்டும், ரிப்போர்ட்டுக்கு நாளாகும் என்றார்கள். அதற்குள் நாமக்கல்லிலிருந்து செய்தி வந்துவிட்டது. அவன் இதயம் பலவீனமாகிவிட்டதாம், ஆபரேஷனை இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டாக்டரிடம் நானே போனில் பேசினேன். இரண்டு வருடம் முன்னால் என்றால், என்று ஆரம்பித்தவர், நான் அக்கா என்று தெரிந்ததும் மேலே சொல்லவில்லை.

ஊருக்குப் போக லீவு எழுதிக் கொடுக்கப் போனபோது சூப்பரின்டெண்டென்டிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எட்டு காலாண்டும் தப்பு, அந்த வண்டி ஓடவே இல்லை, திருத்த வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர். எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டுகள் அச்சாகிப் போய்விட்டன, தவிர அந்த இரண்டு வருடமும் மண்டிக் கணக்கும் லாரிக் கணக்கும் முன்னெப்போதையும்விட நன்றாக ஒத்துப்போயிருக்கின்றன, இதில் திருத்த என்ன இருக்கிறது பஹன்ஜி என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தம்பி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாட்டுக்கு ஒன்றுதான் என்று எனக்குக் கேட்டது. அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வெளியே வந்தேன். பாவம், தப்பு அவருடையதில்லை.

பொருத்தம் பார்த்த ரிப்போர்ட்டை நான் கிளம்புகிற அன்று காலையில் வாங்கினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன், புரிந்தது. ஆனாலும் உள்ளே போய் அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டேன். உடன்பிறந்தவர்களில்கூட இவ்வளவு நல்ல பொருத்தம் எப்போதாவதுதான் அமையும் என்றார். எப்போது ஆபரேஷன் என்று அவர் கேட்டதற்கு, தேதி இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

மதியம் அவன் போன் பண்ணினான். ரயில் எத்தனை மணிக்கு, சாப்பாடு கட்டிக்கொண்டீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு மெல்ல அதற்கு வந்தான்.

"ரிப்போட் வந்திருச்சுங்களா?"

"வந்துருச்சு கண்ணு. பொருந்தல. மொதல்லயே பாத்திருந்தாலும் பிரயோசனமில்லன்னு சொல்லிட்டாங்க."

அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"அப்பச் செரிங்க்கா. நாஞ் சொல்லாம உட்டதுனால ஒண்ணுங் கெட்டுப் போகலீங்கல்ல. அதுதான் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துதுங்க."

ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றேன். ரிப்போர்ட்டை நான்காகக் கிழித்து, ரயில் ஆக்ரா தாண்டியதும் ஜன்னல் வழியே போட்டேன். நான் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் அவன் இறந்தான்.