சின்ன வண்டி எங்கே நிற்கும்

பாளையங்கோட்டையில் அந்த வீட்டில் ஒரு வாரமாக வண்டிப் பேச்சுதான். இரண்டுமே கரண்டு வண்டி. ஒன்று சின்னது, இரண்டே கதவு, பின்சீட்டுக்குப் போகிறவர் முன்சீட்டைச் சாய்த்துவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டும். மற்றது சற்றுப் பெரியது, நாலு கதவு, ஒரு சார்ஜில் கூடுதல் தூரம் ஓடும். மாமனார் சங்கிலிபூதத்தான் சின்னதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். மருமகள் இசக்கிச்செல்விக்குப் பெரியதில் கண். அவள் புருஷன் பெருமாள்ராஜ் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

செல்விக்கு இது வெறும் வண்டி இல்லை. அவள் குலசை என்கிற குலசேகரன்பட்டினம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன். இதுவரை அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்துபோனாள். இப்போது பிரசவ விடுப்பு முடியப்போகிறது, கையில் குழந்தை. பஸ்ஸை நம்பினால் வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளை தூங்கிவிடும். "பகல்ல நான் பாத்துக்கிடுதேன். விளக்கு வைக்கதுக்குள்ள நீ வந்துரணும்" என்று மாமியார் வடிவம்மாள் சொல்லிவிட்டாள். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. சுகாதார நிலையத்தில் சார்ஜ் போட அனுமதி கிடையாது. ஆக, காலையில் கிளம்பிய வண்டி அதே சார்ஜில் வீடு திரும்பினால் வேலை உண்டு. இல்லாவிட்டால் ராஜினாமாதான்.

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோக்காரர் மகள் அவள். படிக்கிற காலத்தில் அப்பாவுக்குக் கை ஒடிந்தபோது, ஆட்டோவைச் சந்தைக்கு ஓட்டிப்போனது அவள்தான். கூலிக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட்டுவிட்டால் சோறு தண்ணி மறந்துவிடும். பெண் பார்க்க வந்த அன்று அவள் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம் பொண்ண வேலைய விடச் சொல்லக்கூடாது." இசக்கியம்மன் சந்நிதியில் நின்று பெருமாள்ராஜ் வாக்குக் கொடுத்தான். அந்த ஒரு வாக்குக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

மாமனார் வேறு ரகம். திருச்செந்தூர், குலசை வழித்தடத்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவர் வாய் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் "ரைட்" என்று சொல்லாவிட்டால் அவருக்கு உட்கார முடியாது. ஒரு பயணியைக்கூடத் தப்பான ஸ்டாப்பில் இறக்கிவிட்டதில்லை என்று அவர் பெருமையடித்ததைக் கேட்டுக் கேட்டு, தெருவுக்கே காது புளித்திருந்தது.

"இருநூறுக்கு மேல ஓடும்னு கம்பெனிக்காரன் போட்டிருக்கான். ஒனக்கு வேண்டியது நூத்தி நாப்பது. பொறவு பெருசு எதுக்கு தாயி?" என்பார்.

தனியாக இருக்கும்போது பெருமாள்ராஜ் குழைவான். "அப்பா ஆசப்படுதாரு. பெரிய மனுசன் மனசை நோகடிக்க வேண்டாம் செல்வி."

அவளுக்கு மாமனார்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு பக்கமும் இடிபடுகிற புருஷன்தான் பாவம் என்று நினைத்தாள்.

கடைசியில், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஷோரூமுக்குப் போனார்கள். சின்ன வண்டியில் செல்வி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் மாமனார். பின்னால் பெருமாள்ராஜும் ஷோரூம்காரரும் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெருமாள்ராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது. குறை சொல்ல மட்டும் தெரியும்.

"போலாம், ரைட்!" என்றார் மாமனார், ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸுக்குச் சொல்வதுபோல.

கே.டி.சி. நகர் பாலம் வரை எல்லாம் சுகம். வெயிலுக்கு ஏசியைக் கூட்டினாள். திருச்செந்தூர் சாலையில் ஏறியதும்தான் அவள் பார்வை திரையில் விழுந்தது. இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று அதில் ஓர் எண். ஒரு கிலோமீட்டர் போனால் அந்த எண்ணில் இரண்டு குறைந்தது. மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் இரண்டு. இருநூறு எங்கே, நூற்று நாற்பதே தேறாது என்று கணக்குப் போட்டாள்.

"அக்கா, இங்கன திரும்பிரலாம்" என்றார் ஷோரூம்காரர். அவள் திரும்பவில்லை.

"அக்கா, இதுக்கு மேல போனா என்னைய ஏசுவாக."

"நீ திரும்பேன் செல்வி, அவரு பொழப்பைக் கெடுக்காத" என்றான் பெருமாள்ராஜ். அவன் குரல் சரியாக இல்லை. மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம். அவளுக்கு அப்போதும் புரியவில்லை. வண்டியை மட்டும் அழுத்தினாள். சாலையோரத்து வயல்கள் பின்னால் ஓடின. செய்துங்கநல்லூர் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினாள்.

"மாமா, இங்கயிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

"பதினெட்டு."

"குலசைக்கு?"

"அம்பத்திரெண்டு. கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர், திருச்செந்தூர், குலசை." கேட்டதும் நாக்கு தானாகப் பாடிவிட்டது.

"காலையில இந்த வண்டியில வேலைக்குப் போறேன். சாயந்திரம் திரும்பி வாரேன். இது என்னைய எந்த ஸ்டாப்புல இறக்கிவிடும் மாமா?"

சங்கிலிபூதத்தான் வாயைத் திறந்தார்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றது பின்சீட்டு.

அந்தச் சொல்தான் கிழவரைக் குத்தியது. வெடுக்கென்று திரும்பினார். "ஏலே, ஸ்டாப் கேட்டவங்களுக்கு நான் பொய் சொன்னதில்ல, தெரிஞ்சுக்கோ." பிறகு மருமகள் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னார். "இங்கனதான் தாயி. ஏசி போட்டு ஓட்டினா நூத்தி இருவது சொச்சந்தான் தாங்கும்னு இவன் ஆபீசுல இதே வண்டி வச்சிருக்கவன் சொல்லியிருக்கான். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். வீடு வந்து சேராது. இந்த ஸ்டாப்புலதான் நிக்கும்."

"தெரிஞ்சுமா சின்னது சின்னதுன்னு குதிச்சிய?"

"இவன்தான் என்னையச் சொல்லச் சொன்னான். நாலு தடவ நடுரோட்டுல நின்னா அவளே வேலைய எழுதிக் குடுத்துருவா, நம்ம வாயால சொல்ல வேண்டாம்னான். பேரப்பிள்ள மூஞ்சியப் பாத்து நானும் மண்டைய ஆட்டிட்டேன். தப்புதான்."

பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக்கூடாது. வேலையும் போகும், அம்மன் முன்னால் கொடுத்த வாக்கும் நோகாது. செல்விக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு வாரமாக மாமனாரை மனசுக்குள் வைத வசவெல்லாம் ஆள் மாறிப் போயிருந்தது.

"புள்ளைக்காகத்தான் செல்வி" என்றான் பெருமாள்ராஜ். "தெனமும் நீ இவ்வளவு தூரம் அலையணுமா?"

"வேலைய விடுன்னு எம் மூஞ்சியப் பாத்துக் கேட்டிருக்கலாம்லா? சண்ட போட்டிருப்பேன். அழுதிருப்பேன். இருட்டுத நேரத்துல தன்னந்தனியா என்னைய ரோட்டுல நிக்க வைக்கப் பாத்தியளே!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எறங்குங்க."

"என்னது?"

"நான் இங்கன நிக்கணும்னுதான கணக்குப் போட்டிய? நீங்க நின்னு பாருங்க. பஸ்சு வரும், ஏறி வாங்க."

பெருமாள்ராஜ் இறங்கவில்லை. இறங்கவும் முடியாது, முன்சீட்டுக்காரர் எழுந்து வழிவிட்டால்தான் பின்சீட்டுக்கு வாசல். சங்கிலிபூதத்தான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு லாரி வண்டியை உலுக்கிவிட்டுப் போனது. மகனா மருமகளா என்று அந்த மனுஷன் எடை போடுகிறார் என்று செல்விக்குத் தெரிந்தது. மகன் பக்கம் சாய்ந்துவிட்டால், தான் இறங்கி நடக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்சீட்டைச் சாய்த்துப் பிடித்தார்.

"எறங்குலே. ஸ்டாப் வந்துட்டு."

பெருமாள்ராஜ் குனிந்து வெளியே வந்தான். நிழற்குடையில் நின்றவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். கிழவர் சீட்டை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

செல்வி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒடுங்கி இருந்தவரிடம் சொன்னாள். "அண்ணாச்சி, அந்தப் பெரிய வண்டிய என் பேர்ல பதிஞ்சிருங்க."

சங்கிலிபூதத்தான் கதவை இழுத்துச் சாத்தினார். கண்ணாடி வழியே கையை நீட்டி, வெளிப்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம் தாயி, ரைட்."